கோணேசர் கோயில் நிற்கும் பாறையை ‘சுவாமி மலை’ என்று எழுதலாமா?

கடற்காகம்: திருகோணமலைக் கோட்டைக்குள் நுழைந்து, மான்களைத் தாண்டி மேலே ஏறினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாறை முனையைப் பற்றிப் பயணக்குறிப்பு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘சுவாமி ரொக்’ என்பதால் ‘சுவாமி மலை’ என்று போட்டேன். நண்பர் சண்டைக்கே வந்துவிட்டார். என்ன பிழை?

திருமலையாள்: பிழைதான். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே கோணமாமலை என்று பாடிவிட்டார், ஊரின் பெயரிலேயே அந்த மலை இருக்கிறது, பிறகு எதற்கு ஆங்கில வரைபடத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழாக்க வேண்டும்? சுவாமிமலை என்றால் கும்பகோணத்துக்குப் பக்கத்து முருகன் கோயில்தான் எல்லாருக்கும் நினைவு வரும்.

பாய்மரம்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவாமி நம்முடைய சொல்தானே. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் முந்நூறு வருடத்துக்கு மேல் அங்கே பெரிய கோயில் இல்லை. ஆனாலும் சனம் வெறும் பாறைக்கு வந்து பூசை செய்தது, உச்சியில் நின்று படையலைக் கடலில் போட்டது. அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அப்படி அழைத்திருப்பான் என்பது என் எண்ணம். கோயில் இல்லாத காலத்திலும் சாமி அங்கேயே இருந்தது என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி, அதை அழிக்கச் சொல்லாதீர்கள் அக்கா.

திருமலையாள்: சரி தம்பி, இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் சாட்சி வேறு, பெயர் வேறு. எங்கள் வீட்டில் அம்மம்மா முதல் எல்லாரும் கோணேசர் மலை என்றுதான் சொல்வோம். எனக்கு இதைவிட வலிப்பது ‘லவ்வர்ஸ் லீப்’. 1687 என்று பொறித்த ஒரு தூணையும் ஒல்லாந்துப் பெண் குதித்த கதையையும் வைத்துக்கொண்டு, ஆயிரம் வருடத்துக்கு முன்பே பாடப்பட்ட மலையை அப்படி அழைக்கிறார்கள்.

பாய்மரம்: அதில் உங்களோடுதான் நிற்கிறேன். சுவாமியை மட்டும் விட மாட்டேன்.

கடற்காகம்: தலைப்பில் கோணேசர் மலை, முதல் பந்தியில் சுவாமி ரொக் வந்த கதை. இராவணன் வெட்டையும் மலையின் பெயராகச் சேர்க்கட்டுமா?

திருமலையாள்: வேண்டாம். அது கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளவுக்கு மட்டும் உள்ள பெயர்.