காணாக்கடிக்கு சிஆர்பி டெஸ்ட் எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அக்கா, அண்ணே எல்லாருக்கும் வணக்கம், கம்பத்துல இருந்து எழுதுறேன். எட்டு மாசமா காணாக்கடி. ராத்திரியானா பாவாடை நாடா கட்டுற எடத்துல வரிவரியா தடிச்சுக் கெளம்பும், விடிஞ்சா தடமே தெரியாது. ஏலக்கா தரம் பிரிக்கிற வேலை, அந்தத் தூசிதான்னு எல்லாரும் சொன்னாங்கன்னு ஒரு மாசம் போகாம இருந்து பாத்தேன், கூலி போனதுதான் மிச்சம்.

டாக்டர் சிஆர்பி, ஈஎஸ்ஆர்னு ஒடம்புல அழற்சி இருக்கான்னு பாக்குற ரெண்டு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. இங்க எடுத்ததுல சிஆர்பி 1.8, அடுத்த வாரம் கட்டப்பனைல எடுத்தா 18! பத்து மடங்கு ஏறிருச்சேன்னு அழுதுட்டேன், அப்புறம் மக ரெண்டு பேப்பரையும் வச்சுப் பாத்துட்டு இங்க டெசிலிட்டர் (லிட்டர்ல பத்துல ஒரு பங்கு) கணக்கு, அங்க லிட்டர் கணக்கு, ரெண்டும் ஒண்ணுதாம்மாங்கிறா. லேப்காரங்க ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போவாங்க?

சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள்ள இருக்கணுமாம். ஈஎஸ்ஆர் 42, ஆனா எனக்கு ரத்தம் கம்மி, அதுனாலயும் ஏறும்னாரு. சிஆர்பி கூடுனவங்களுக்கு சாதா அலர்ஜி மாத்திரை சரியா கேக்காம போகலாமாம், அதான் லிவோசிட்ரிசின்ங்கிற அலர்ஜி மாத்திரையை ஒரு நாளைக்கு ரெண்டாக்கிருக்காரு, தேவைன்னா நாலு வரைக்கும் ஏத்தலாமாம்.

உங்கள்ல யாருக்காச்சும் தடிப்பு அடங்குனப்ப சிஆர்பியும் எறங்குச்சா? ரத்தம் உறையுறதைப் பாக்குற டி டைமர், அலர்ஜிக்குப் பாக்குற ஐஜிஈ, தைராய்டுக்கு ஆன்டி டிபிஓ இந்த ரத்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கச் சொன்னாங்களா? தேனியிலயே எடுத்துறலாமா, கோட்டயம் போகணுமா?

வெத்தலையும் மிளகும் மென்னு பாத்தாச்சு, அதை மட்டும் சொல்லாதீங்க சாமி.