குரோம்புக்கில் மைன்கிராஃப்ட் பத்து நிமிடத்தில் உறைகிறது, உதவுங்கள்

வணக்கம், மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். மகனுடைய குரோம்புக்கில் (கூகுளின் குரோம் ஓஎஸ் மடிக்கணினி) 4 ஜிபி ரேம், செலரான் என்4020 பிராசசர். பிளே ஸ்டோரில் வாங்கிய மைன்கிராஃப்ட் விளையாட்டில் மூன்று வாரமாக இந்தத் தொல்லை. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் அடிப்பாகம் சூடேறி, குதித்த உருவம் அந்தரத்திலேயே நிற்கும், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ரீயூனியனில் இருக்கும் அத்தை மகனோடு சேர்ந்து கட்டும் வீடு பாதியில் நிற்க, பிள்ளை முகம் வாடிப்போகிறது.

ரெண்டர் தூரத்தை (விளையாட்டில் எவ்வளவு தூரம் வரை காட்டுவது என்ற செட்டிங்) 6 ஆகக் குறைத்தேன், மற்ற டேப் எல்லாம் மூடினேன், பவர்வாஷும் (எல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்தாயிற்று. குரோம்புக்கின் லினக்ஸ் பகுதியில் மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பை ஓட்டினால் இன்னும் மோசம், இருக்கிற 4 ஜிபியை குரோம் ஓஎஸ், லினக்ஸ் இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட முடியாது.

இதே 4 ஜிபியில் ஒரு மணி நேரம் உறையாமல் ஓட வைத்தவர்கள் என்ன செட்டிங் வைத்தீர்கள்?