கோடு போடாமல் கேமரா பார்த்தே ரேடியேஷன் கொடுக்கிறார்களாம், நம்பலாமா?

அம்பை வாசி:
மதினிக்கு இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து அடுத்து ரேடியேஷன். முன்பு எங்கள் பெரியம்மாவுக்குக் கொடுத்தபோது உடம்பில் மைக்கோடு போட்டு, அது அழிந்துவிடும் என்று ஆத்துப் பக்கமே விடவில்லை, நம்ம ஊர் வெயிலில் வேர்வைக்குக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இப்போது கோடே வேண்டாம், கூரையில் இருக்கிற கேமரா பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். சிவப்பு வெளிச்சம் வேறு அடிக்குமாம், அதுவும் கதிர்தானா? கேமரா என்றதிலிருந்து மதினி முகமே சரியில்லை.

லீனாக் அண்ணாச்சி:
தம்பி, அது வெறும் வெளிச்சம், கதிர் இல்லை. உடம்பில் விழுகிற ஒளிக்கோலம் வளைவதை வைத்து தோலின் மேடுபள்ளத்தைக் கணக்குப் போட்டு, பிளானிங் சிடியில், அதாவது சிகிச்சையைத் திட்டமிட முதலில் எடுக்கிற ஸ்கேனில், இருந்த வடிவத்தோடு ஒப்பிடும். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் விலகல், எவ்வளவு சாய்வு, எல்லாம் திரையில் வந்துவிடும். உடம்பில் போட்ட மைக்கோட்டை அறையில் அடிக்கிற லேசர் வெளிச்சக் கோட்டோடு சேர்த்தால் அந்த இடம் மட்டும்தான் சரியாகும், தலைக்கு மேல் தூக்கிய கை நேற்று மாதிரி இல்லை என்பது இதில்தான் தெரியும். இடது மார்பு என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், நுரையீரல் விரிந்து இதயம் கதிர் போகும் பாதையிலிருந்து விலகும். பிடித்த மூச்சு இறங்கினால் கதிரை நிறுத்திவிடவும் முடியும்.

பாளை பிசிக்ஸ்:
எல்லாம் சரி அண்ணாச்சி, ஆனால் கேமராவுக்குத் தோல்தானே தெரியும்? புராஸ்டேட் கேஸில் மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்று அது சொல்லாது, அதற்கு கோன் பீம் சிடிதான், சிகிச்சை மேசையிலேயே உள்ளுறுப்புகளை எக்ஸ்ரேயில் எடுக்கிற ஸ்கேன் அது. மார்பு தோலை ஒட்டியது என்பதால் நன்றாகப் பொருந்தும், அங்கேயும் ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் கோத்து வீங்கினால் வடிவமே மாறிப்போகும். அதனால் எக்ஸ்ரே படம் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். தினமும் காலையில் கேமராவின் மையமும் மெஷினின் மையமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான், அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2022இல் வெளியிட்ட டிஜி-302 அறிக்கை இதையெல்லாம் விரிவாகப் பேசுகிறது.

தென்காசி அக்கா:
நானும் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வெளியே திரையில் தெரிந்தது களிமண் பொம்மை மாதிரி ஒரு உருவம், அவ்வளவுதான். சாதாரண கேமராவும் உள்ளே உண்டு, அது எந்த ரேடியேஷன் ரூமிலும் இருப்பதுதான், நாம் கையை அசைத்தால் அவர்கள் பார்க்க வேண்டாமா? துணி மூடினால் தோல் தெரியாது, அதனால் அந்த நேரம் மட்டும் விலக்குவார்கள். பெண் ஸ்டாஃப் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். அப்புறம், மூச்சைப் பிடித்து வீட்டிலேயே பழகட்டும், எனக்கு அதுதான் சிரமமாக இருந்தது.

அம்பை வாசி:
சரி அக்கா, மதினியிடமே இதை வாசிக்கக் கொடுக்கிறேன். எக்ஸ்ரே விஷயத்தை நான் கேட்டுக்கொள்கிறேன்.