கொரோனா நாட்களில் பயம்: உங்களுக்குக் கைகொடுத்தது எது?

சென்னை பெரம்பூர், பள்ளி ஆசிரியை

"தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று அந்த நாட்களில் சொல்லாத ஆளில்லை. அதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் பயம் குறைந்ததில்லை. வேறு சில விஷயங்களில் குறைந்தது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கும். அறிவுரையாக வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் முதலில் எழுதுகிறேன்.

2021 மே. வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் பாசிட்டிவ். எனக்கு இல்லை. நோய் வந்தவர்கள் இரண்டு பேரும் படுத்துத் தூங்கினார்கள், எனக்குத்தான் தூக்கம் போனது. மாமியாருக்குச் சர்க்கரை வேறு. யாருக்கு எப்போது என்ன ஆகுமோ என்று ராத்திரி முழுக்க அறைக் கதவோரம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் தினமும் காலையில் போன் செய்வாள். காய்ச்சல் இருக்கா, ஆக்சிஜன் எவ்வளவு, மாத்திரை இருக்கா என்று கேட்டு எழுதிக்கொள்வாள். ஒருநாள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் மதியத்திலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். அவள் கேட்பாள் என்பதற்காகவே காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே தள்ளினேன்.

இன்னொன்று, குடும்ப வாட்ஸ்அப் குழு. ஆவி பிடி, சிடி ஸ்கேன் எடு, ஊசி வாங்கி வை என்று நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும். அந்த ஊசி, ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும், அப்புறம் நேரு ஸ்டேடியத்திலும் ஜனங்கள் வெயிலில் நின்றது நினைவிருக்கும். என் கொழுந்தனாரும் போய் நிற்கிறேன் என்று கிளம்பினார். எங்கள் டாக்டர், "ஆக்சிஜன் 96 இருக்கு, எதுக்கு அந்த ஊசி?" என்று தடுத்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்பதைப் பின்னால்தான் படித்தேன். வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். வீட்டாளுக்காக எதையாவது செய்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். மருத்துவ விஷயம் எதுவானாலும் டாக்டரிடம் பேசுவது கொழுந்தனார் ஒருவர்தான். மற்றவர்கள் அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். டிவி செய்தி சாயங்காலம் ஒரு தடவை. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேர் என்று வந்தது. அன்றைக்கு மட்டும் அந்த ஒரு தடவையையும் பாதியில் அணைத்தேன்.

மதுரை, ஐடி வேலை

எனக்கு நோய் லேசாகத்தான் வந்தது. பயம்தான் கடுமையாக வந்தது.

மாடி அறையில் தனியாக இருந்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 97. கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால் 96. அந்த ஒரு எண் இறங்கியதே போதும், நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். நாடித்துடிப்பு பக்கத்திலேயே தெரியும் அல்லவா, அது 110, 115 என்று ஏறும். அதைப் பார்த்தால் இன்னும் ஏறும். தூங்கும்போதுகூட அதை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

ஒரு ராத்திரி மூச்சே உள்ளே போகாத மாதிரி ஆகிவிட்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் உதடு குறுகுறுத்தது. செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன். கீழே அம்மாவைக் கூப்பிட்டால் பதறி மேலே ஓடி வந்துவிடுவார்கள் என்று கூப்பிடாமல் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஒரு டாக்டர் அம்மா. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, நடுவுல நிறுத்தாம இவ்வளவு நேரம் பேசிட்டீங்க, கவனிச்சீங்களா?" என்றார். அப்புறம் போனை வைக்காமல் அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, நடந்து முடித்ததும் அளக்கச் சொன்னார். 97.

பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுமாம். விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தானாம். "காத்து உங்களுக்குப் போதலன்னு தோணுது. நிஜத்துல நீங்க அதிகமா இழுத்து விடறீங்க" என்றார். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லி என்னோடு சேர்ந்து அவரும் எண்ணினார். ராத்திரி ஒரு மணிக்கு மேல், முகம் தெரியாத ஒருவர், அவசரமே படாமல் எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னது: காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை மட்டும் அளக்கணும், காகிதத்தில் எழுதணும், 94-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடணும், மற்ற நேரம் கருவி பீரோவுக்குள் இருக்கணும். அளக்கும் முறையும் சொன்னார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்கணும், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கணும், நகப்பூச்சு, மருதாணி இருக்கிற விரல் வேண்டாம், எண் நிலைக்கிறவரை பொறுக்கணும். நான் கையைக்கூட அசைத்துக்கொண்டே அளந்துகொண்டிருந்தேன்.

அந்தக் காகிதம் எனக்குப் பெரிய ஆறுதல். பயம் வந்தால் பீரோவைத் திறப்பதற்குப் பதிலாகக் காகிதத்தைப் பார்ப்பேன். 97, 96, 97, 97.

சேலம், அரசு மருத்துவமனைச் செவிலியர்

தம்பி எழுதியது சரி, அந்த டாக்டர் அழகாகக் கையாண்டிருக்கிறார். நான் ஒன்று சேர்க்கிறேன். மூச்சுத்திணறலே தெரியாமல், சிரித்துப் பேசிக்கொண்டே, ஆக்சிஜன் 85-க்கு இறங்கியவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறோம். அதனால் "இது வெறும் பயம்தான்" என்று யாரும் தானாக முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த டாக்டரும் அளக்க வைத்துவிட்டுத்தானே பயம் என்று சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. ஒரு வாரம் வார்டு, ஒரு வாரம் தனிமை என்று ஓடிய நாட்கள். பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி போட நரம்பு தெரியாது. நோயாளிக்கு எங்கள் கண் மட்டும்தான் தெரியும். யார் டாக்டர், யார் நர்ஸ், யார் தூய்மைப் பணியாளர், ஒன்றும் புரியாது. பக்கத்துப் படுக்கை காலியானால் ஏன் காலியானது என்று கேட்க சொந்தக்காரர் யாரும் உடன் கிடையாது. அந்தப் பயத்துக்கு மாத்திரை இல்லை.

மார்க்கரால் நெஞ்சில் பெயரை எழுதிக்கொள்வோம். நான் பெயருக்குக் கீழே 'ஆத்தூர்' என்று ஊரையும் எழுதினேன். தலைவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவார். குப்புறப் படுக்கச் சொன்னால் கேட்கவே மாட்டார். என் நெஞ்சிலிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆத்தூரா கண்ணு நீ?" என்றார். ஆமாங்க தாத்தா என்றேன். எந்தத் தெரு, யார் மகள் என்று விசாரித்தார். அவர் மாட்டை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது, நோய் அப்புறம்தான். மகனுக்கு வீடியோ கால் போட்டு மாட்டைக் காட்டச் சொன்னேன். பார்த்தார். அப்புறம் தானாகவே குப்புறத் திரும்பிப் படுத்தார். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் நன்றாக விரியும். கொஞ்ச நேரத்தில் 88-லிருந்து 93-க்கு வந்தது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

எங்களுக்கு யார் ஆறுதல் என்றால், நாங்களேதான். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன சகோதரிகள் உண்டு. நாங்கள் மூன்று பேர் தனிமை வாரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்றாகப் போனில் பேசுவோம். அரை மணி நேரம் வார்டைப் பற்றி, அழுதாலும் சரி. அதற்கப்புறம் வார்டுப் பேச்சே கூடாது. குழம்பு, பிள்ளைகள், சீரியல், எது வேண்டுமானாலும்.

எல்லாம் ஓய்ந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. மானிட்டர் அலாரம் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே சீட்டு போட்டு உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கொஞ்ச மாதம் மாத்திரை, கூடவே ஆலோசனை, சரியானது.

அரியலூர், விவசாயம்

எங்களுக்குப் பயம் நோயிடம் இல்லை, தெருவிடம்.

2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடினார்கள். என் அண்ணன் அங்கே மூட்டை தூக்குகிறவர். காய்கறி லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அப்போது எங்கள் மாவட்டத்தில் வந்த பாசிட்டிவ்களில் பெரும்பாலும் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள்தான். அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள், வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். எங்களைக் கண்டாலே கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இத்தனை வருசம் கட்டிக் காத்த மானம் போச்சு" என்பதுதான் அவர் வாயில் வந்த ஒரே பேச்சு.

எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் காலையில் தகரத்துக்கு மேலே பால் தூக்கைத் தொங்கவிட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்னப்பா, காய்ச்சல் இருக்கா? கொழம்பு வச்சிருக்கேன், அனுப்பட்டா?" என்று சத்தம் போடுவார்கள். எங்களுக்கு மட்டும் கேட்டால் போதாது என்று வேண்டுமென்றேதான் அப்படிக் கத்தினார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். கிராம சுகாதார செவிலியர் அக்காவும் தெருவில் வீடு வீடாக நின்று, "அவங்க தப்பு எதுவும் பண்ணல, சம்பாதிக்கப் போன எடத்துல காய்ச்சல் வந்துச்சு, அவ்வளவுதான்" என்று பேசினார்கள். இரண்டு மூன்று வீட்டார் வாசலுக்கு வந்து அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரிதான் அப்பா சோற்றில் கை வைத்தார்.

சிங்கப்பூர், கட்டுமான வேலை (சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம்)

2020 ஏப்ரலில் இங்கே தொழிலாளர் விடுதிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஓர் அறையில் 12 பேர் படுப்போம். வேலை இல்லை, வெளியே போக முடியாது, சாப்பாடு பொட்டலமாக வரும். சொந்தச் சமையல் ரசம் நாக்குக்கு மறந்தே போனது.

அந்த நேரத்தில் ஊரில் அப்பா தவறிவிட்டார். கொரோனா இல்லை, மாரடைப்பு. விமானம் கிடையாது. தம்பி போனைத் தூக்கிப் பிடிக்க, நான் பங்க் பெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கை நடுங்கி என்னால் போனைப் பிடிக்க முடியவில்லை. மேல்படுக்கை வங்காளதேச நண்பர் இறங்கி வந்து, காடு போய்ச் சேருகிறவரை எனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழ் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. காரியத்தன்று அறையில் இருந்த எல்லாரும் எனக்காக மதியம்வரை சாப்பிடாமல் இருந்தார்கள். தமிழ் பேசுகிற தொண்டர்கள் சிலர் போனில் கூப்பிட்டு அப்பாவைப் பற்றிப் பேச வைத்தார்கள். அவர் எப்படிப்பட்டவர், என்ன பயிர் வைப்பார் என்று கேட்டார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

கோவை, கல்லூரி மாணவி

டீச்சரம்மா சொன்ன 'செய்தி ஒரு தடவை' எனக்குச் சரிப்படவில்லை. தெரியாமல் இருந்தால்தான் எனக்குப் பதற்றம் கூடும். அதனால் இரண்டாம் அலையில் படுக்கை, ஆக்சிஜன் எங்கே இருக்கிறது என்று போன் செய்து உறுதிப்படுத்தும் குழுவில் சேர்ந்தேன். சுற்றி வருகிற எண்களில் பாதி எடுக்காது. எடுக்கிற ஒன்றைக் கண்டுபிடித்து ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும்போது பயம் இருந்த இடம் தெரியாது. ஆனால் நாங்கள் படுக்கை கண்டுபிடித்த நேரத்தில், "இனிமே வேணாம்மா, போயிட்டாரு" என்று ஒருவர் சொல்லிவிட்டு, "நீ ரொம்ப முயற்சி பண்ணின, நல்லா இரு" என்று வைத்தார். அன்றைக்கே எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா என்னைப் போன் வேலையிலிருந்து எடுத்துப் பட்டியல் தட்டச்சில் போட்டார்கள். நான் கேட்காமலே செய்தார்கள். உதவி செய்கிறவர்களைக் கவனிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

திருநெல்வேலி, மளிகைக் கடை

எல்லாரும் முடிந்துபோனதை எழுதுகிறீர்கள். எங்கள் அம்மாவுக்கு இன்னும் முடியவில்லை. பஸ்ஸில் யாராவது இருமினால் இறங்கிவிடுகிறார்கள். விரலில் அந்தக் கருவி இன்னும் தினமும் ஏறுகிறது. சித்தப்பா கொரோனாவில் போனவர். சொன்னால் கோபம் வருகிறது, "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார்கள். என்ன செய்வது?

சேலம், அரசு மருத்துவமனைச் செவிலியர்

தம்பி, கருவியைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள், பதற்றம் கூடும். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று அவர்களோடு பேசிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பஸ்ஸிலும் அப்படித்தான், முதலில் உங்களோடு ஒரு நிறுத்தம், அப்புறம் இரண்டு. 14416 என்று டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அம்மா பேசமாட்டேன் என்றால் நீங்கள் கூப்பிடுங்கள், வீட்டிலிருப்பவர்களுக்கும் வழி சொல்வார்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவர் இருப்பார். 'பைத்தியம்' என்ற பேச்சுக்கே போக வேண்டாம். "தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வரலாம்மா" என்று கூட்டிப் போங்கள். தூக்கம் வராமல்தானே இருக்கும்? சித்தப்பாவைப் பற்றியும் அவர்களைப் பேச விடுங்கள்.