ஐஜிபிஎக்ஸ் சீரீஸ மறுபடி ஆரம்பிக்கலாமா?

வேகப்பிரியன்:
மக்களே, ஐஜிபிஎக்ஸ் அனிமே சீரீஸ முழுசா பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? ரோபோவுக்குள்ள உக்காந்து ரேஸ் ஓட்டுவாங்களே, அதான். ரொம்ப முன்னாடி கொஞ்ச எபிசோடு பாத்துட்டு விட்டுட்டேன், ஆளுங்கள கையால வரைஞ்சிருக்காங்க ஆனா ரோபோ மட்டும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ், ரெண்டும் ஒட்டவே இல்ல, ஹீரோ டகேஷி பையன் வேற அவ்ளோ திறமைய வச்சுக்கிட்டு எதையும் சீரியஸா எடுத்துக்க மாட்டேங்கிறான். மொத்தமே 26 எபிசோடுதான்னு இப்பதான் கவனிச்சேன். போகப்போக நல்லா இருக்குமா?

பிட்லேன் பாண்டி:
தாராளமா பாருங்க ப்ரோ. டகேஷியோட சட்டோமி டீம் அப்பதான் கீழ் லீக்கான ஐஜி-2ல இருந்து மேல் லீக்கான ஐஜி-1க்கு வந்துருக்கு, ஆளாளுக்கு தனித்தனியா ஓட்டி அடி வாங்குவாங்க, ஆரம்பம் இழுக்குற மாதிரி தெரியுறது அதனாலதான். ஒரு டீமுக்கு மூணு ரோபோ, மூணு லேப், நடுவுல இடிக்கலாம் மடக்கலாம் குத்தலாம் எல்லாமே ரூல்ஸ்லயே இருக்கு, அதனால சும்மா வேகமா ஓட்டினா பத்தாது, யார் பின்னாடி நின்னு எதிராளிய தடுக்கணும், யார விட்டு முன்னாடி போக விடணும்னு யோசிச்சாதான் ஜெயிக்க முடியும். அதே டீம்ல இருக்குற லிஸ் சண்டைக்கலை கத்துக்கிட்ட பொண்ணு, ரோபோவயும் அப்படியே சண்டை போட வைப்பா. மூணாவது பைலட் ஏமி கூட அவ பூனை லூக்காவும் காக்பிட்ல உக்காந்துருக்கும், அத வெறும் காமெடிக்கு வைக்கல, அது நிஜமாவே அவளோட கோ-பைலட், அந்த ஜோடிய எனக்கு அவ்ளோ புடிக்கும்.

நிலாமுற்றம்:
பாண்டி சொல்றது சரி, ஆனா கிராபிக்ஸ் விஷயத்துல வேகப்பிரியன் பக்கம்தான் நான். 2005ல வந்தது, கார்ட்டூன் நெட்வொர்க்கும் ஜப்பான் ஸ்டுடியோ புரொடக்ஷன் ஐ.ஜி.யும் சேந்து பண்ணது, நின்னு பேசுற சீன்ல ரோபோ இன்னைக்கும் பிளாஸ்டிக் மாதிரிதான் தெரியுது. வேகம் எடுத்துட்டா அது கண்ணுலயே படாது, ரோபோ உருமாறி ஸ்பீட் மோடுக்குப் போறப்ப நான் சீட் நுனிக்கே வந்துடுவேன். ரெண்டாவது சீசன்ல வர்ற பிளாக் எக் டீம மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க.

தேன்சிட்டு:
இன்னொன்னு, 2003ல இதே பேர்ல அஞ்சு குட்டி எபிசோடு வந்துச்சு, டிசைன் எல்லாமே வேற, அத பாத்துட்டு இதுதான் சீரீஸ்னு நினைச்சுடாதீங்க. இங்கிலீஷ் டப்பிங்லயே பாருங்க, டகேஷிக்கு ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், லிஸ்ஸுக்கு மிஷெல் ராட்ரிக்ஸ், கோச் ஆண்ட்ரேக்கு லான்ஸ் ஹென்ரிக்சன், மார்க் ஹாமில் கூட பேசிருக்காரு.

வேகப்பிரியன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். விட்ட இடத்துல இருந்து பாக்கவா, முதல்ல இருந்தே போகவா?

பிட்லேன் பாண்டி:
முதல்ல இருந்தே போங்க, வெல்ஷ்டைன் டீம் எவ்ளோ பலம்னு ஆரம்பத்துலயே பாத்து வச்சாதான் பின்னாடி அவங்களோட மோதுறப்ப கை நடுங்கும்.