குறிபார்த்துச் சுடப் பழகுவதற்கு விலை குறைந்த அரைத்தானியங்கி ரைபிள்: எதை வாங்கலாம்?

கேள்வி: வைகைக்கரை (பிளேனோ, டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்த பிறகு, உடன் பணிபுரியும் நண்பருடன் இரண்டு முறை சுடுதளத்துக்குப் போய் வந்தேன். மூச்சை நிதானப்படுத்தி, குறியைப் பார்த்து, விசையை மெல்ல அழுத்தும் அந்தச் சில நொடிகளில் மனம் ஓரிடத்தில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதினைந்து வயது மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். வேட்டையில் எனக்கு நாட்டமில்லை; 25 கஜத்திலிருந்து 100 கஜம் வரை காகிதக் குறிகளைச் சுடுவது மட்டுமே நோக்கம். எல்லாம் சேர்த்து 500 டாலருக்கு மேல் செலவிட இயலாது. கடைக்காரர் 223 தோட்டா போடும் ஏஆர்-15 வகை ரைபிள் ஒன்றைக் காட்டினார். நண்பரோ அதைவிடச் சிறிய பாயின்ட் 22 தோட்டா போடும் ரைபிளே போதும் என்கிறார். முதன்முதலாக வாங்குகிறவர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: தாமிரபரணி (ஹூஸ்டன்)

உங்கள் நண்பர் சொல்வதே சரி. ரைபிளின் விலையை ஒரே முறைதான் கொடுக்கிறீர்கள். தோட்டாவின் விலையையோ ஒவ்வொரு வாரமும் கொடுத்துக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். பாயின்ட் 22 லாங் ரைபிள் தோட்டா ஒன்று ஏறத்தாழ பத்து சென்ட்டுக்குக் கிடைக்கும்போது, 223 தோட்டாவுக்கு அதைப்போல நான்கைந்து மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமைக்கு இருநூறு முறை சுட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதோடு, தோளில் உதைப்பும் காதைப் பிளக்கும் வெடிச்சத்தமும் குறைவாக இருப்பதால், விசையை இழுக்கும்போது உடல் தன்னையறியாமல் துணுக்குறும் பழக்கம் ஏற்படாது. அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அதை விலக்க மாதக்கணக்காகும் என்பதால், மகளை இதில்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இந்த வகையில் நான் பரிந்துரைப்பது ரூகர் 10/22. 1964 முதல் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு வருகிறது. சாதாரண கார்பைன் (குட்டையான குழல் கொண்ட) வடிவம் 300 டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கும். பத்துத் தோட்டாக்களைச் சுழல் வடிவில் அடுக்கும் அதன் மேகசின் (தோட்டாப் பெட்டி) மிக அரிதாகவே தகராறு செய்யும். குழல் இரண்டே திருகுகளால் பொருத்தப்பட்டிருப்பதால், பிற்காலத்தில் தேவைப்பட்டால் வீட்டு மேசையிலேயே அதை மாற்றிக்கொள்ளலாம். மகளின் கைக்கு ஏற்றபடி கட்டை நீளம் குறைந்த கம்பாக்ட் வடிவமும் உண்டு.

அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசை கனமானது, ஏறத்தாழ ஆறு பவுண்டு அழுத்தம் கேட்கும். கடைசித் தோட்டா வெளியேறிய பின் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் உலோகப் பாளம்) தானாகத் திறந்து நிற்காது; சுடுதளத்தில் 'நிறுத்து' என்ற ஆணை வந்ததும் மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கையால் இழுத்துப் பூட்டி, தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கூடவே வரும் குறிமுள்ளும் பின்குறியும் துல்லியமாகச் சுடுவதற்குப் போதா. நான் அவற்றைக் கழற்றிவிட்டு டெக்-சைட்ஸ் நிறுவனத்தின் துளைக்குறியை (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவியை) பொருத்தினேன்; தொலைநோக்கி வாங்குவதற்கு முன் அதில் ஓராண்டு பழகியது எனக்கு மிகவும் பயன்பட்டது.

மார்லின் மாடல் 60 பற்றியும் சிலர் சொல்வார்கள். 1960இல் வந்த நல்ல ரைபிள். பழையதாகக் கிடைத்தால் துல்லியத்தில் ஏமாற்றாது. ஆனால் குழலின் கீழே உள்ள நீண்ட குழாயில் ஒவ்வொரு தோட்டாவாக இறக்க வேண்டும் என்பதால், மேகசின் மாற்றிச் சுடும் பயிற்சிகளுக்கு அது ஒத்துவராது.

பதில்: நெய்தல் (ஆஸ்டின்)

தாமிரபரணி அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தந்தையும் மகளும் ஒரே ரைபிளைப் பகிர்ந்துகொள்வதானால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22 ரைபிளையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதன் தோள்கட்டையை நொடியில் நீட்டவும் குறுக்கவும் முடியும். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கும். உடலை இரண்டாகப் பிரித்து, குழலைப் பின்புறத்திலிருந்தே துடைக்கலாம். விலை நூறு டாலருக்கு மேல் கூடுதல் என்பதால் உங்கள் 500 டாலரில் மற்றவற்றுக்கு அதிகம் மிஞ்சாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்கினாலும் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் காட்ட வேண்டாம். இந்த ரைபிள்களில், தோட்டா வெடிக்கும் விசையே வெற்றுக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதன்வழியே போல்ட்டையும் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வெடிவிசை குறைந்த தோட்டாவைப் போட்டால் கூடு வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். நான் தொடக்கத்தில் மலிவாக ஒரு பெரிய பெட்டி தோட்டாக்களை வாங்கி, பத்துக்கு ஒன்று சிக்கியதும் ரைபிளைத்தான் குறை சொன்னேன். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் தோட்டாவைப் போட்டுப் பார்த்தபோது அந்தத் தொல்லை அடியோடு நின்றது. நான்கைந்து வகைகளில் ஐம்பது ஐம்பதாக வாங்கி, 50 கஜத்தில் தாங்குபையின் மேல் வைத்துச் சுட்டு, எந்த வகையின் துளைகள் குறியில் நெருக்கமாகக் குழு சேர்கின்றன என்று பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள். 50 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்திருந்தால் 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ அரையடி கீழே இறங்கும்; மெல்லிய காற்றும் அதை நகர்த்தும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

பதில்: கொங்குமகன் (எடிசன், நியூஜெர்சி)

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல விரும்புகிறேன். கிரீன் கார்டு உள்ளவர்கள் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தைக் கடையில் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாதவரை, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் சில நிமிடம் வாங்கிச் சுடுவதும், அங்கேயே வாடகைக்கு எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குடியேற்ற விண்ணப்பத்தையே பாதிக்கக்கூடிய விஷயம் என்பதால் தயவுசெய்து இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாநிலத்தில் ரைபிள் வாங்கக் காவல்துறையின் அடையாள அட்டை வேண்டும், மேகசினும் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது. எனவே வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்குள்ள சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தோம். மகளுக்கு 10/22 கம்பாக்ட் இயல்பாக அமைந்தது, எனக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. துளைக்குறியும் வாங்கிவிடுவேன். முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போகலாம்? வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: தாமிரபரணி (ஹூஸ்டன்)

ரைபிள் சுடக் கற்றுத்தரும் ஆப்பிள்சீட் திட்டம் நடத்தும் இரண்டு நாள் வகுப்புக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள். 25 மீட்டரில் சிறிதாக வரைந்த குறிகளைக் கொண்டு, நின்றும் அமர்ந்தும் படுத்தும் சுடச் சொல்லித் தருவார்கள். 250க்கு 210 புள்ளி எடுத்தால் 'ரைபிள்மேன்' சின்னம் கிடைக்கும். நான் மூன்றாவது முறைதான் எடுத்தேன், அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்கிருந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. தோள்வாரை மேற்கையில் சுற்றிக் கட்டி ரைபிளை அசையாமல் நிறுத்தும் முறையை அங்கே கற்பதற்காகவே போகலாம். பிறகு சிஎம்பி (பொதுமக்களுக்கான குறிபார்த்துச் சுடும் திட்டம்) அமைப்பு பாயின்ட் 22 ரைபிள்களுக்கு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் மகள் கலந்துகொள்ள நினைத்தால், விசையின் கனம் குறைந்தபட்சம் மூன்று பவுண்டு இருக்க வேண்டும். மாற்று விசை வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் ரைபிளைக் காலியாகப் பூட்டுப்பெட்டியில் வைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுங்கள். உங்கள் கவனக்குறைவால் தோட்டா ஏற்றிய ரைபிள் பதினேழு வயதுக்குட்பட்டவர் கையில் கிடைத்துவிட்டால் டெக்சஸ் சட்டப்படி குற்றம். பெரியவர் உடனிருந்து மேற்பார்வையிடும் பயிற்சிக்கு அந்தச் சட்டம் தடையில்லை. பாயின்ட் 22 குண்டு ஈயம் என்பதால், சுட்ட பிறகு குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகழுவாமல் மகள் எதையும் சாப்பிட வேண்டாம்.

சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு ஒருபோதும் எடுத்துச் செல்லாதீர்கள். பையின் தையலில் தவறி ஒளிந்த ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும். நான் அதற்கென்று வெளிறிய பச்சை நிறத்தில் தனிப் பை ஒன்று வாங்கி, வண்டிக் கொட்டகையிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.