கூஸ் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சலா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

காரிமங்கலம் மருமகள்:
பொங்கல் முடிந்த வாரம். ஒன்பது கூஸ் வாத்தில் மூன்று நாளில் ஐந்து போய்விட்டது. கழிச்சல், தீனி எடுக்காமல் உட்காருவது எல்லாம் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல வரவில்லை. எங்கள் ஆண் வாத்துக்குத் துரை என்று பெயர். யார் வந்தாலும் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு ஓடுவான். அன்று காலை தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று, கழுத்தை முதுகுப் பக்கம் திருகி, வானத்தைப் பார்த்தபடி இருந்த இடத்திலேயே சுற்றினான். மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி இரண்டு கண்ணும் வெளுத்திருந்தன. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினேன், இமைக்கவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை.

டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன். மாமா வேண்டாம் என்றார். "அதுதான்னு உறுதியாச்சுன்னா ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற கோழி எல்லாத்தையும் அழிச்சிடுவாங்கம்மா. பக்கத்து வீட்டுல அந்தம்மா முப்பது நாட்டுக்கோழிய வெச்சுத்தான் பொழைக்குது. அது வயித்துல நாம அடிக்கணுமா?" அன்று ராத்திரியே புளியமரத்துக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட்டார். மீதி நான்கும் பிழைத்துக்கொண்டன. மாதிரி எடுக்காததால் என்ன நோய் என்று இனி தெரியப்போவதில்லை. எனக்கு உறுத்துவது அது கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் வேலி ஓரம் நின்று பேசுகிறோம். அவர் கோழிகள் எங்கள் கொட்டகைப் பக்கம்தான் மேயும்.

சூளகிரி தக்காளித் தோட்டம்:
சகோதரி, எல்லாவற்றையும் பறவைக் காய்ச்சல் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். எங்களுக்கு மூன்று கூஸ் ஒரே மத்தியானத்தில் செத்தன. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்புறம் பார்த்தால், மருந்து அடித்த டிரம்மைக் கழுவி ஊற்றிய வாய்க்காலில் போய்த் தண்ணீர் குடித்திருக்கின்றன. வாயில் எச்சில் ஒழுகியது, கால் இழுத்தது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாயங்காலம் வரை களத்தில் கிடந்தன, ஓர் எறும்பு கூடக் கிட்ட வரவில்லை. அந்தக் களத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த எறும்பு வராத இடம்தான் கண்ணில் நிற்கிறது. உங்கள் பக்கம் மாந்தோப்பு அதிகம். பூ எடுக்கிற நேரத்தில் மருந்து அடித்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

பாரூர் ஏரிக்கரை:
சூளகிரி அண்ணா, நீங்கள் சொல்வது உங்கள் வாத்துக்குச் சரி. அவருடையதற்குப் பொருந்தாது. விஷம் என்றால் குடித்ததெல்லாம் சேர்ந்தாற்போல் விழும். இங்கே மூன்று நாளாக ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. கழுத்து திருகியிருக்கிறது, கண் வெளுத்திருக்கிறது. வாத்து இனத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சந்தேகம் பறவைக் காய்ச்சல் மேல்தான் வர வேண்டும். படிக்கிறவர்கள் 'மருந்துதான் போல' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

நான் டாக்டரைக் கூப்பிட்டவள். 2021 ஜனவரி, கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளை அழித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டில் இரண்டு கூஸும் நான்கு நாட்டு வாத்தும் செத்தன. தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டு நான்கு பேர் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் முடிவு வருவதற்குள் அந்த வெள்ளை உடையை ஊரே பார்த்துவிட்டது. மறுநாள் காலை டீக்கடைக்குக் கொண்டுபோன பத்து லிட்டர் பாலும் மூடி திறக்காமல் அப்படியே கேனோடு திரும்பி வந்தது. மூன்று வாரம் இதே கதை. மாட்டுப் பாலுக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன். அவர் மாமனார் ஏன் பயந்தார் என்று எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மறுபடி செத்தால் மறுபடி கூப்பிடுவேன்.

தர்மபுரி பறவைப் பிரியன்:
எனக்கு ஒரே அனுபவம்தான். போன மார்கழியில் ஒரு கூஸ் காலையில் கூண்டில் விறைத்துக் கிடந்தது. வெறும் கையால் தூக்கிக் கிடாசினேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிற எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி வகையை முதலில் கண்டுபிடித்ததே கூஸ் வாத்தில்தான், 1996-ல், சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில். இந்தியாவுக்குள் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் வந்தது. நாட்டு வாத்துகள் நோய் வெளியே தெரியாமலே கிருமியைச் சுமக்கும். அதனால் கூஸையும் நாட்டு வாத்தையும் கோழியையும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். பனிக்காலத்தில் ஏரிகளுக்கு வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும், அந்த மாதங்களில் ஏரிக்கும் அனுப்பாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

செத்ததை அறுத்துப் பார்க்கவே கூடாது. கையுறை இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையையாவது சுற்றிக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் கட்டுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போட்டாலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொன்னாலோ போதும். அவர்கள் வரும் வரை பறவையோ முட்டையோ எருவோ வெளியே போகக் கூடாது. வாத்து எருவை அப்படியே தோட்டத்துக்குக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். உறுதி செய்வது போபாலில் இருக்கிற ஆய்வகம், அதனால் நாளாகும், பொறுமை வேண்டும். அழிக்கிற பறவைகளுக்கு அரசு இழப்பீடு உண்டு. சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கொட்டகையில் எச்சத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்ற வேண்டும், எச்சத்தின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது. முட்டையும் கறியும் 70 டிகிரிக்கு மேல் உள்வரை நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும், ஆனால் நோய்ப்பட்டதைச் சமைக்கலாம் என்று அர்த்தமில்லை. தொட்டவர்களுக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல் வந்தால், செத்த வாத்தைத் தொட்டேன் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரிமங்கலம் சகோதரி, மடியில் வைத்திருந்தீர்களே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

சூளகிரி தக்காளித் தோட்டம்:
பாரூர் அம்மா, நான் யாரையும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எங்கள் வாத்துக்கும் சாவதற்கு முன் தலை ஆடியது, அதனால்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் கண் வெளுக்கவில்லை, அது உண்மை.

காரிமங்கலம் மருமகள்:
எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் பக்கத்தில் நின்று துரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். அந்தப் பத்து நாளும் ராத்திரி ராத்திரி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

உங்கள் பதில்களைப் படித்துவிட்டு நேற்றுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கு ராத்திரியே மம்பட்டிச் சத்தம் கேட்டுச்சு கண்ணு" என்றார். மறுநாள் விடியலிலிருந்து இருபது நாள் கோழிகளை வெளியே விடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்தே வைத்திருந்தாராம். நான்தான் கவனிக்கவில்லை. "நீயா வந்து சொல்லுவன்னு பார்த்தேன்" என்றார்.

எழுந்து வரும்போது ஆறு முட்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இன்னும் அடுப்பங்கரையில் அப்படியே இருக்கிறது.